பிழையும் பொருளும்

ஆண்டின் இறுதிப் பள்ளிநாள் முடிந்து மாணவர் யாவரும் வீடு திரும்பிய பின், பள்ளிக்கூடத்தில் ஓர் அமைதி குடிகொள்ளும். நாற்காலிகள் மேசைகளின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பலகையில் எழுதியிருந்த தேதி அழிக்கப்பட்டிருக்கும். குளிர்நாடுகளில் இக்காலத்தே பனி பொழியும். அந்நாட்டு ஆசிரியர்கள் இதனைப் பனிக்கால விடுமுறை என்பர். மலேசியாவில் பனி இல்லை. வடகிழக்குப் பருவமழை உண்டு. பெருந்தொற்றின் விளைவாக மார்ச்சு மாதத்துக்குத் தள்ளிப்போன பள்ளியாண்டு, 2026-இல் மீண்டும் சனவரியில் தொடங்கியது. அதனால் ஆண்டிறுதி விடுமுறையும் மழையும் பழையபடி ஒன்றுசேர்ந்துவிட்டன. கூரைமேல் மழை விழும் ஓசையன்றி வேறொலி இல்லாத அவ்வேளையில்தான், ஓராண்டாகச் செய்த தொழிலைத் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு ஆசிரியருக்குக் கிட்டுகிறது.

பிற பாட ஆசிரியருக்கு அவ்வாறு திரும்பிப் பார்ப்பது ஓரளவு எளிது. வாய்பாட்டைத் தடையின்றிச் சொல்லும் மாணவன் வாய்பாட்டைக் கற்றுவிட்டான் என்று கணித ஆசிரியர் துணியலாம். மொழியாசிரியர் அவ்வளவு எளிதில் துணிய முடியாது. மாணவன் பிழையின்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டான் என்றால், அவன் மொழியைக் கற்றுவிட்டான் என்று கொள்ளலாமா? பிழைபட எழுதினான் என்றால், அவனுக்கு மொழி வரவில்லை என்று தள்ளிவிடலாமா? இவ்வினாக்கள் பாடவேளையில் எழுவதில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது எவ்வினாவும் எழாது. மணி ஓய்ந்த பின்னரே அவை ஒவ்வொன்றாக எழுந்து வந்து ஆசிரியரின் எதிரில் நிற்கின்றன.

ஒரு கட்டுரை ஏடு

ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், விடுமுறையின் முதல்நாள் அலமாரியைத் துப்புரவு செய்யும் பொருட்டுப் பள்ளிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மாணவர் விட்டுச் சென்ற ஏடுகள் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பிரிக்கிறார். 'விடுமுறை' என்னும் தலைப்பில் ஒரு சிறுமி எழுதிய கட்டுரை. அவரே திருத்தியது, அவரே 20-க்கு 11 புள்ளி வழங்கியது. அதன் இறுதிப் பத்தி இவ்வாறு இருக்கிறது:

"விடுமுறைல நான் எங்கயும் போவமாட்டேன். அப்பா சிங்கப்பூர்ல வேல செய்றாங்க. நான் தூங்கும்போது போவாங்க. தூங்குனப்புறம் வருவாங்க. விடுமுறை வந்தா நான் லேட்டா தூங்கலாம். அப்பா வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் முழிச்சிருப்பேன். அதான் எனக்கு விடுமுறை புடிக்கும்."

ஏழு வாக்கியங்கள், பதினாறு சிவப்புக் கோடுகள். பக்க ஓரத்தில் 'பேச்சுவழக்கைத் தவிர்க்கவும்' என்று ஒரு குறிப்பு. அதன்கீழ் ஆசிரியரின் கையொப்பமும் தேதியும்.

கோடுகளில் ஒன்றுகூடத் தவறன்று. 'விடுமுறைல' என்பது 'விடுமுறையில்' என்றிருத்தல் வேண்டும். 'வேல' என்பது 'வேலை' என்றிருத்தல் வேண்டும். 'புடிக்கும்' என்பது 'பிடிக்கும்' என்றே எழுதப்பட வேண்டும். திருத்தியவர் தம் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயினும், விடுமுறையின் முதல்நாளில் அப்பத்தியைப் படிக்கும் ஆசிரியர் திடுக்கிடுகிறார். காரணம் இதுதான்: அதை அவர் இப்பொழுதுதான் முதன்முதலாகப் படிக்கிறார். அன்று அவர் பார்த்தவை பதினாறு பிழைகள். அச்சிறுமி சொன்னது அவர் காதில் விழவேயில்லை.

அச்சிறுமி சொன்னது சிறு செய்தியன்று. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. ஆனால் அதனைக் கடந்து சென்று உழைத்துத் திரும்பும் தொழிலாளியின் நாள் மிக நீண்டது. பொழுது விடியுமுன்பே மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக அப்பாலத்தில் ஊர்கின்றன. இரவு வெகுநேரம் கழித்து அவை திரும்புகின்றன. ஒரே வீட்டில் வாழ்ந்தும், பள்ளி நாள்களில் தந்தையின் முகத்தை விழித்த கண்ணால் காணாத குழந்தைகள் இருக்கின்றனர். அவர்களுள் ஒருத்திக்கு விடுமுறை என்றால் என்ன என்று எழுதச் சொன்னார்கள். கடற்கரையும் கேளிக்கையும் அவள் எழுதவில்லை. இரவில் கண்விழித்திருக்கும் உரிமை கிடைக்கிறது. தந்தை வரும் ஓசையைக் கேட்கலாம். அதனால் விடுமுறை பிடிக்கும் என்று எழுதினாள். அதற்கு விடையாக அவளுக்குக் கிடைத்தது, பேச்சுவழக்கைத் தவிர்க்கவும் என்னும் அறிவுரை.

பிழையற்ற பொய்

அதே அடுக்கில் இன்னொரு மாணவனின் ஏடும் இருக்கிறது. அதற்கு 20-க்கு 18. அதில் சிவப்புக் கோடு ஒன்றோ இரண்டோதான். கதிரவன் எழுந்தது, பறவைகள் பாடியது, குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் சென்றது, தேயிலைத் தோட்டத்தின் பசுமை கண்ணுக்கு விருந்தளித்தது என்று அக்கட்டுரை அழகாக நடக்கிறது. அம்மாணவன் கேமரன் மலையைக் கண்டவனல்லன். பயிற்சி நூலில் இருந்த மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து, இடமறிந்து இறக்கி வைத்திருக்கிறான். ஆசிரியருக்கும் அது தெரியும். தெரிந்தே 18 புள்ளி கொடுத்தார். மதிப்பீட்டு முறை அதற்குத்தான் இடந்தந்தது.

இங்கேதான் இலக்கணத்தைத் தாண்டிய ஓர் அறவினா தலைகாட்டுகிறது. கண்டறியாததைக் கண்டதாகப் பிழையின்றி எழுதியவனுக்கு 18. கண்ணாரக் கண்டதைப் பிழையோடு எழுதியவளுக்கு 11. இம்மதிப்பீட்டினின்றும் அவ்விரு குழந்தைகளும் கற்றுக்கொண்ட பாடம் யாது? தமிழில் எழுத வேண்டுமாயின் உண்மையை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பதன்றோ அப்பாடம்? பொய் சொல்லாதே என்று நன்னெறிப் பாடத்தில் கற்பிக்கும் பள்ளி, அடுத்த பாடவேளையில் அழகாகப் பொய் எழுதுவதற்குப் பரிசு வழங்கினால், குழந்தை எதனைப் பின்பற்றும்?

மனப்பாடத்தை முற்றிலும் பழிப்பது அறிவுடைமையாகாது. செய்யுளையும் பழமொழியையும் நெஞ்சில் பதிக்காமல் எவனும் மொழிவளம் பெற்றதில்லை. பிறர் சொல்லை வாங்கித்தான் ஒவ்வொருவனும் தன் சொல்லைப் பெறுகிறான். ஆனால் வாங்கிய சொல்லைக் கொண்டு தன் பொருளைச் சொல்லாமல், வாங்கிய பொருளையும் சேர்த்துச் சொல்பவன், கடன்வாங்கிய ஆடையில் தன் உடலையும் இழந்தவனாகிறான். 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. தேர்வுக்காகவே இப்பழக்கம் என்று அதுவரை சொல்லி வந்தவர்கள், தேர்வு போன பிறகும் பழக்கம் போகாமைக்குக் காரணம் தேடுதல் வேண்டும். பழக்கம் வினாத்தாளில் மட்டும் இருக்கவில்லை. திருத்துவோர் கண்ணிலும் இருந்திருக்கிறது.

திருத்தாமை அருளாகுமா?

இவ்வாறு எண்ணும் ஆசிரியர் மறுகோடிக்குப் போய்விடுவதும் எளிது. 'குழந்தையின் உள்ளமே பெரிது, பிழைகளை விட்டுவிடலாம், சிவப்பு மையைத் தூர எறியலாம்' என்று ஒருவர் சொல்லக்கூடும். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆனால் அதன் விளைவை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பு என்று வரலாறு கூறும். தோட்டப்புறங்களில் பள்ளிகள் பெருகியதற்கு 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிகோலியது. அப்பள்ளிகள் பலவற்றில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். கட்டடம் என்ற பெயருக்கு ஒரு கொட்டகை. ஆயினும் அங்கே கற்ற பிள்ளைகளுக்கு ஒரு பெரும்பேறு கிடைத்தது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து பல்வேறு பேச்சுவழக்கோடு வந்து ஒரே லயத்தில் வாழ்ந்த மக்களுக்கு, எழுத்துத்தமிழ் பொதுத்தமிழாய் அமைந்தது. பால்மரம் வெட்டிய கை மாலையில் நாளேட்டைப் பிரித்தது. ஒருவர் படிக்கப் பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்டனர். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்', 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய ஏடுகள் தோட்டத்து மக்களைச் சென்றடைந்தது அந்தப் பொதுத்தமிழின் வழியேதான். ஊருக்குக் கடிதம் எழுதவும், வந்த கடிதத்தைப் படிக்கவும், நியாயம் கேட்டு விண்ணப்பம் வரையவும் அதுவே துணைநின்றது.

ஆதலின், 'விடுமுறைல' என்று எழுதும் சிறுமியை அவ்வாறே விட்டுவிடுவது அவளுக்குச் செய்யும் அருளன்று. நூலகமும் நாளேடும் நிறைந்த வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பள்ளி திருத்தாவிட்டாலும் வீடு திருத்திவிடும். இரவு தாமதித்து வீடு திரும்பும் தந்தைக்கு மகளின் ஏட்டைப் பார்க்கப் பொழுதேது? அவளுக்குத் திருத்தம் கிடைக்கக்கூடிய இடம் ஒன்றே, அது பள்ளி. அங்கும் அது மறுக்கப்பட்டால், எழுத்துத்தமிழின் கதவு அவளுக்கு என்றென்றைக்கும் அடைபட்டுவிடும். நூல்கள் பேசும் தமிழ் ஒன்றாகவும் அவள் பேசும் தமிழ் ஒன்றாகவும் போய்விடும். ஏழைக் குழந்தையின் பிழையைத் திருத்தாமல் விடுதல், அவளுக்குச் சேரவேண்டிய சொத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே திருத்துதல் கடமை என்பதில் ஐயமில்லை. அக்கடமை எப்பொழுது தொடங்குகிறது, எதன்பின் வருகிறது என்பதே ஆராயத்தக்கது.

நன்னூலார் காட்டும் உவமை

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுத்தார். நல்லாசிரியருக்கு அவர் காட்டிய உவமைகள் நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன. இவற்றுள் நிறைகோல் சிந்திக்கத் தக்கது. நிறைகோலுக்குத் தட்டு இரண்டு. ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்லும் கோல் உலகில் இல்லை. மாணவனின் ஏட்டை எடைபோடும் ஆசிரியர், பிழை என்னும் தட்டை மட்டும் பார்த்துப் புள்ளியிட்டால், அவர் கையிலிருப்பது நிறைகோல் ஆகுமா?

கடை மாணாக்கருக்கு அவர் காட்டிய உவமைகளுள் நெய்யரி ஒன்று. நெய்யரி என்பது நெய்யை வடிகட்டும் பன்னாடை. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடத்தே தேக்கிக்கொள்ளும். ஆசிரியர் சொல்லும் நல்லனவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தீயனவற்றை மட்டும் பற்றிக்கொள்ளும் மாணவன் அதனை ஒப்பான். தமிழாசிரியர் அனைவரும் இவ்வுவமையைப் படித்தவர்கள். பலர் மாணவரைச் சுட்டி மொழிந்தவர்கள். சிவப்பு மையோடு அமர்ந்திருக்கும் வேளையில் அவ்வுவமையைத் தம்மேல் வைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே. குழந்தை ஊற்றிய பொருளெல்லாம் ஒழுகிப்போக, அதன் பிழைகள் மட்டும் ஆசிரியர் நெஞ்சில் தங்குமாயின், அங்கே நெய்யரியாக இருப்பவர் யார்?

தொல்காப்பியரும் ஒரு பாடம் தருகிறார். எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரமாகத் தம் நூலை அமைத்தார். எழுத்தும் சொல்லும் ஆராய்ந்து நிறுத்திவிடவில்லை. மாந்தர் வாழ்வைப் பேசும் பொருளதிகாரத்தையும் மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்தார். எழுத்துப்பிழையும் சொற்பிழையும் மட்டும் கண்டு ஏட்டை மூடுபவர், தொல்காப்பியத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படிக்காமல் விட்டவருக்கு ஒப்பாவார். அந்நூலின் பாயிரம், உலக வழக்கையும் செய்யுளையும் இரண்டையும் ஆராய்ந்தே அந்நூல் செய்யப்பட்டது என்று கூறுகிறது. மக்கள் பேச்சுக்குச் செவிகொடாமல் இலக்கணம் பிறக்கவில்லை என்பது அதனால் விளங்கும்.

பேச்சில் உள்ள ஒழுங்கு

இக்கண் கொண்டு அச்சிறுமியின் பத்தியை மீண்டும் நோக்கினால், முன்பு புலப்படாதவை புலப்படுகின்றன. 'அப்பா செய்றாங்க', 'போவாங்க', 'வருவாங்க' என்று மூன்று இடங்களிலும் தந்தைக்கு உயர்வு தரும் முடிபையே அவள் பயன்படுத்தியிருக்கிறாள். ஓரிடத்தேனும் தவறவில்லை. இனி, 'போவாங்க', 'வருவாங்க' என்பவை எதிர்கால வினைமுற்றுகள். தமிழில் எதிர்கால வினைமுற்று இனி நடக்கப்போவதை உணர்த்துவதோடு, நாள்தோறும் நிகழும் வழக்கத்தையும் உணர்த்தும். இந்நுட்பத்தை விளக்க ஆசிரியர் ஒரு பாடவேளை செலவிட வேண்டியிருக்கும். அச்சிறுமி விளக்கம் ஏதுமின்றி அதனைச் சரியான இடத்தில் ஆண்டிருக்கிறாள். ஆக, அவளிடம் இலக்கணம் இல்லாமலில்லை. எழுத்துவழக்கின் உருவம் மட்டுமே அவளுக்குக் கைவரவில்லை. இல்லாதவனுக்குக் கொடுப்பது வேறு. இருப்பவனுக்கு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுப்பது வேறு. 'உனக்குத் தமிழ் வரவில்லை' என்று சொல்வது பொய்யாகும். 'உன்னிடம் ஒரு தமிழ் இருக்கிறது; இன்னொன்றையும் பெற்றுக்கொள்' என்பதே மெய்யாகும்.

சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதனைக் கேட்டு மனங்கலங்கியோரும் உண்டு. அந்நாட்டின் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோருள் தமிழையே வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் என்று தெரியவந்தது. வீட்டில் பேசப்படாத மொழி தேர்வுத்தாளில் எத்துணைத் தூய்மையோடு விளங்கினும், அது வேரற்ற செடியே. மலேசியத் தமிழ்ப்பள்ளிச் சிறுமி 'பசார் மாலாம் போனோம்' என்று எழுதும்போது, 'இரவுச் சந்தை' என்னும் சொல்லை அவளுக்குத் தருவது ஆசிரியர் கடன். அதனைத் தருமுன், அவள் யாரோடு போனாள், என்ன வாங்கினாள் என்று கேட்பது அதனினும் முந்திய கடன். கேட்கப்படாத குழந்தை பேச்சை நிறுத்திவிடும். பேச்சை நிறுத்திய குழந்தையிடம் திருத்துவதற்கு எதுவும் இராது.

கேட்டபின் திருத்தல்

திருவள்ளுவர் கல்விக்கும் அறிவுடைமைக்கும் இடையே கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கேள்வி என்பது மாணவருக்கு உரியது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. ஆசிரியருக்கும் அஃது உரியதே. மருத்துவர் நோயாளியின் வாய்மொழியைக் கேட்காமல் மருந்து எழுதினால், மருந்து சரியாகவே இருப்பினும் அவரை எவரும் நல்ல மருத்துவர் என்னார். ஏட்டைத் திருத்தும் உரிமை ஆசிரியருக்குப் பதவியால் மட்டும் வந்துவிடுவதில்லை. எழுதியவள் சொன்னதைக் கேட்டு முடித்தபோதே அவ்வுரிமை முழுமை பெறுகிறது.

தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 1950-களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை ஏற்படுத்தி இளையோர் எழுத்துக்கு இடந்தந்தார். மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர் பலர் அப்பகுதியில் எழுதிப் பழகியவரே. பள்ளிப் பருவத்தார் எழுத்தில் பிழை இருத்தல் இயல்பு. அவற்றைத் திருத்தும் வேலையும் அங்கே இருந்திருத்தல் வேண்டும். ஆனால் அச்சிடத்தக்க ஒரு பொருள் அவர்களிடம் உண்டு என்ற நம்பிக்கை முதலில் இருந்தது. அந்நம்பிக்கையே அவர்களை எழுத்தாளராக்கிற்று.

'முப்பது ஏடுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் உள்ளம் உருகப் படிக்க நேரமேது?' என்று ஆசிரியர் கேட்கலாம். நேர்மையான கேள்வியே இது. ஏட்டுக்குப் பத்து நிமிடம் என்றாலும் முப்பது ஏட்டுக்கு ஐந்து மணிநேரம் ஆகும். பாடக்குறிப்பும் பதிவேடும் கூட்டமும் போட்டியும் அவரைச் சூழ்ந்து நிற்கின்றன. ஆனால் இங்கு வேண்டப்படுவது கூடுதல் நேரமன்று, வரிசை மாற்றமே. பேனாவை மூடி வைத்துவிட்டு ஒருமுறை படித்தல், எழுதியவள் சொன்னதற்கு ஒரு வரி மறுமொழி எழுதுதல், அதன்பின் பேனாவைத் திறந்து பிழைகளைக் காட்டுதல். அந்த ஒரு வரிக்கு அரைநிமிடம் என்றால், முப்பது ஏட்டுக்குப் பதினைந்து நிமிடம். பதினாறு பிழைகளையும் ஒரே நாளில் காட்ட வேண்டுவதில்லை. இன்று வேற்றுமையுருபு, அடுத்த கிழமை வினைமுற்று என்று பிரித்துக் காட்டினால் குழந்தையின் மனமும் தாங்கும், கையும் பழகும்.

அவ்வாறு திருத்தப்பெற்றால் அப்பத்தி எவ்வாறு இருக்கும்? "விடுமுறையில் நான் எங்கும் போகமாட்டேன். அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். நான் தூங்கும்போது போவார். தூங்கிய பிறகு வருவார். விடுமுறை வந்தால் நான் தாமதமாகத் தூங்கலாம். அப்பா வருகிற சத்தம் கேட்கும் வரைக்கும் விழித்திருப்பேன். அதனால்தான் எனக்கு விடுமுறை பிடிக்கும்." பிழை ஒன்றும் இல்லை; பொருளும் ஓர் அணுவளவு குறையவில்லை. 'அப்பா' என்பதைத் 'தந்தையார்' என்று மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை. கதிரவனும் பறவையும் இல்லாமலே அது நல்ல தமிழாக நிற்கிறது. தன் வீட்டுச் செய்தி எழுத்துத்தமிழிலும் நிற்கும் என்பதை அச்சிறுமி ஒருமுறை கண்டுகொண்டால், எழுத்துத்தமிழ் அவளுக்கு அயலாரின் மொழியாக இராது.

எஞ்சிய கடன்

ஏட்டைக் கையில் வைத்திருக்கும் அவ்வாசிரியருக்கு இவையெல்லாம் இப்போது விளங்குகின்றன. ஆனால் சிறுமி பள்ளியை விட்டுப் போய்விட்டாள். சனவரியில் அவள் இடைநிலைப்பள்ளி மாணவி. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டு, ஏற்பாடு செய்வதும் இயலுமாயின், தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படும். அவள் சேரும் பள்ளியில் அந்த எண்ணிக்கை சேரலாம், சேராமலும் போகலாம். சேராமற் போனால், அவள் தமிழில் எழுதிய கடைசிக் கட்டுரை இதுவாகவே இருந்துவிடலாம். தன் தாய்மொழியில் அவள் சொன்ன கடைசிச் செய்திக்கு, பேச்சுவழக்கைத் தவிர்க்கவும் என்பதே மறுமொழியாக நின்றுவிடும்.

ஆசிரியர் தொழிலில் மற்றத் தொழில்களில் இல்லாத ஒரு துன்பம் உண்டு. தச்சன் கோணலாய்ச் செய்த நாற்காலியைப் பிரித்துச் செய்துகொள்ளலாம். ஆசிரியர் தவறவிட்ட மாணவர் அவர் கண்முன் நிற்பதில்லை. வளர்ந்து எங்கோ போய்விடுகின்றனர். தவறு விளங்கும்போது அதனைச் சரிசெய்யும் இடம் கடந்துபோயிருக்கும். இதனை எண்ணி வருந்துவோர் இருவகை. வருத்தத்தையே கழுவாயாகக் கொண்டு ஓய்ந்துவிடுவோர் ஒருவகை. அன்று செலுத்தாத கடனை வேறொரு குழந்தைக்கேனும் செலுத்த முனைவோர் மற்றொரு வகை. தந்தைக்குப் பட்ட கடனை மகனுக்குச் செலுத்தி உலகம் நடந்து வருகிறது. ஆசிரியரும் அவ்வாறே ஓராண்டு மாணவருக்குப் பட்ட கடனை அடுத்த ஆண்டு மாணவருக்குச் செலுத்தலாம். ஆனால் அப்படிச் செலுத்தும்போதும், முதற்கடன் தீர்ந்துவிட்டது என்று எண்ணுதல் தகாது. தீராத கடன் ஒன்று நெஞ்சில் இருப்பதே ஆசிரியரை விழிப்போடு வைத்திருக்கும்.

ஆசிரியர் நீலமைப் பேனாவை எடுத்து, தம் பழைய குறிப்பின்கீழ் ஒரு வரி எழுதுகிறார்: "அப்பா வரும் சத்தம் கேட்டதா? நீ விழித்திருந்தாயா?" சிவப்புக் கோடுகளை அவர் அழிக்கவில்லை. அவை சரியானவை, இருக்க வேண்டியவையே. அவற்றோடு இருந்திருக்க வேண்டிய ஒன்றை மட்டும், காலந்தாழ்ந்தேனும், சேர்க்கிறார். பள்ளி விடுகைச் சான்றிதழ் வாங்கப் பெற்றோர் வரும் நாளில் கொடுப்பதற்காக அவ்வேட்டைத் தனியே எடுத்து வைக்கிறார். அந்நாளில் அவள் தந்தை வேலையை விட்டு வரமுடியுமா, ஏடு அவள் கையைச் சேருமா என்பவை உறுதியில்லாதவை.

வெளியே மழை ஓய்ந்தபாடில்லை. அலமாரியில் இன்னும் இருபத்தொன்பது ஏடுகள் இருக்கின்றன. துப்புரவு செய்ய வந்தவர், நாற்காலி ஒன்றை மேசையிலிருந்து இறக்கிப் போட்டு அமர்கிறார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அடுத்த ஏட்டை முதற்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார். விடுமுறை என்பது கற்பித்தலுக்கு ஓய்வாக இருக்கலாம். கேட்டலுக்கு அதுவே தொடக்கமாகட்டும்.